குழுவின் பெயரும் தன் பெயரும்: மைக்கேல் ஜாக்சன் தனிப்பாடகரான வரலாறு

ஒரு பாட்டைக் கேட்போர் முதற்கண் அறிவது பாடுவோரின் குரலையே. அக்குரலுக்கு உரியவரே பாட்டுக்கும் உரியவர் என மக்கள் எளிதிற் கருதிவிடுவர். ஆயின், சொற்களை யாத்தல், இசை வகுத்தல், பாடுதல் என்னும் மூன்று தொழில்கள் ஒரு பாட்டினுள் அடங்கியுள்ளன. பரிபாடற் பாட்டுகளின் இறுதியில் புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருத்தலை நாம் நன்கறிவோம். இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டுத் தொழில் இவற்றோடு வேறொன்றையும் சேர்த்தது. பாட்டைப் பதிவு செய்து விற்கும் நிறுவனத்தின் உரிமையே அது.

சிறுவர் இசைக்குழுவிற் பாடத் தொடங்கியவர் பின்னர்த் தனிப்பாடகராகப் பெரும்புகழ் எய்திய வரலாறுகள் மேலைநாட்டுப் பாப் இசையிற் பல உள. அவர்கள் எய்தியது புகழ் மட்டுந்தானா? அன்றி, மேற்கூறிய தொழில்களும் உரிமைகளும் அவர்தம் கைக்கு வந்தனவா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சனின் (1958-2009) வரலாறு ஏற்ற சான்றாகும். 1969 முதல் 1987 வரையுள்ள காலமே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர்தம் பிற்கால வாழ்க்கையில் எழுந்த குற்றச்சாட்டுகளும் வழக்குகளும் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானவை.

குழுவின் தோற்றம்

இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த கேரி, 1906-இல் எஃகு ஆலையின் பொருட்டுத் தோன்றிய நகரம். அந்நகரில் வாழ்ந்த ஜோசப் ஜாக்சன் எஃகு ஆலையிற் பாரந்தூக்கிப் பொறியை இயக்கும் தொழிலாளர்; தாமும் ஒரு சிறு குழுவிற் கிதார் வாசித்தவர். அவருடைய மக்கள் ஜாக்கி, டிட்டோ, ஜெர்மெய்ன், மார்லன், மைக்கேல் என்னும் ஐவரும் தந்தையின் கடுமையான பயிற்சியில் ஓர் இசைக்குழுவாக உருவாயினர். ஐவருள் இளையவர் மைக்கேல். உள்ளூர் நிறுவனம் ஒன்று 1968-இல் அவர்கள் பாடிய இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தார் அவர்களைப் பாடச் செய்து தேர்ந்தனர். 1969-இல் ஒப்பந்தம் முடிந்தது.

மோட்டவுன் நிறுவனத்தின் இயல்பை அறிந்தாலன்றி இவ்வரலாறு விளங்காது. அதனை 1959-இல் தோற்றுவித்த பெரி கோர்டி முன்னர் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் வரிசையிற் பணியாற்றியவர். அம்முறையையே அவர் இசையாக்கத்துக்கும் கொண்டார். பாட்டு எழுதுவோர் ஒருசாரார்; கருவி இசைப்போர் ஒருசாரார்; பாடுவோர் ஒருசாரார்; நடை உடை பயிற்றுவோர் ஒருசாரார். இம்முறையால் கறுப்பின மக்களின் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. பாடுவோர் தம் பாட்டின் ஆக்கத்தில் இடம்பெறாது ஒதுங்கினர் என்பதும் அதனோடொத்த உண்மையே.

பெயர் மறைந்த ஆசிரியர்கள்

ஜாக்சன் ஐவர் என்னும் பொருள்படும் ‘ஜாக்சன் ஃபைவ்’ குழுவின் முதற் பாட்டு ‘ஐ வான்ட் யூ பேக்’ 1969 அக்டோபரில் வெளிவந்தது. அப்பொழுது மைக்கேலுக்கு அகவை பதினொன்று. நிறுவனத்தாரோ விளம்பரத்தின் பொருட்டு அவர் அகவையை மேலும் குறைத்துக் கூறினர். காதலியைப் பிரியவிட்டுப் பின்னர் இரங்கும் ஆடவனின் கூற்றாக அமைந்த அப்பாட்டை ஒரு சிறுவன் பாடினான். குழுவின் முதல் நான்கு மோட்டவுன் பாட்டுகளும் 1970-ஆம் ஆண்டினுள் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றன.

இந்நான்கனுள் முதல் மூன்றன் ஆசிரியர் பெயர் தட்டுகளில் ‘தி கார்ப்பரேஷன்’ என்றே பொறிக்கப்பட்டது. அது பெரி கோர்டி, ஃப்ரெடி பெரன், அல்ஃபான்சோ மிசெல், டீக் ரிச்சர்ட்ஸ் என்னும் நால்வர்க்கும் இட்ட பொதுப்பெயர். இதற்குக் காரணம் உண்டு. மோட்டவுனில் மிகப் புகழ்பெற்றிருந்த மூன்று பாட்டாசிரியர்கள் ஊதியம் பற்றி முரண்பட்டு, சில ஆண்டுகட்கு முன்னரே நிறுவனத்தை விட்டு நீங்கியிருந்தனர். ஆசிரியர் பெயர் புகழ்பெறின் அவர் உரிமை கேட்பார் என்பதைக் கோர்டி அதனாற் கற்றுக்கொண்டார். ஆதலின் எழுதினோர் பெயர் பொதுப்பெயருள் மறைந்தது. பாடினோர் பெயர் குழுப்பெயருள் அடங்கியது. நிறுவனத்தின் பெயரே நிலைத்து நின்றது. மேடையில் டிட்டோவும் ஜெர்மெய்னும் கிதார் வாசித்தனராயினும், இசைத்தட்டுப் பதிவில் நிறுவனத்தின் கருவியாளரே வாசித்தனர்.

பெயரளவிலான தனிமை

மைக்கேல் தனிப்பாடகரானது எப்பொழுது என வினவின், 1971 என விடை கூறுவோர் பலர். அவ்வாண்டிலேயே அவர் பெயரால் ‘காட் டு பி தேர்’ என்னும் பாட்டு வெளிவந்தது. 1972-இல் ‘பென்’ என்னும் திரைப்படப் பாட்டு முதலிடம் பெற்றது. 1972 முதல் 1975 வரை மோட்டவுன் அவர் பெயரில் நான்கு தொகுதிகளை வெளியிட்டது. அந்நான்கனுள் அவர் எழுதிய பாட்டு ஒன்றேனும் இல்லை.

இது கருதத்தக்கது. தட்டின் மேலுறையில் அவர் பெயரும் படமும் தனித்து நின்றன. ஆயினும் பாட்டைத் தேர்ந்தோர், எழுதியோர், பதிவு செய்தோர் அனைவரும் பிறரே. குழுவாகப் பாடிய காலத்து நிலைக்கும் இதற்கும் வேறுபாடு பெயரளவிலேயே இருந்தது. ஆதலின் இத்தனிமை நிறுவனம் வகுத்துக் கொடுத்த தனிமை எனலாம்.

பெயரிழப்பும் ஆக்கத் தொடக்கமும்

தம் பாட்டைத் தாமே எழுதவும் தம் இசையைத் தாமே வகுக்கவும் சகோதரர் விரும்பினர். மோட்டவுன் அதற்கு இசையவில்லை. 1975-இல் அவர்கள் எபிக் நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்யத் துணிந்தனர். அப்பொழுதுதான் ‘ஜாக்சன் ஃபைவ்’ என்னும் பெயரின் உரிமை மோட்டவுனுக்கு உரியதாயிருந்தமை அவர்களை வருத்தியது. தந்தை வழி வந்த குடும்பப் பெயரும் தம் எண்ணிக்கையும் சேர்ந்த ஒரு பெயரை அவர்களே வழங்க இயலாது போயிற்று! ‘தி ஜாக்சன்ஸ்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். கோர்டியின் மகளை மணந்திருந்த ஜெர்மெய்ன் மோட்டவுனிலேயே தங்கினார். அவரிடத்தை இளவல் ராண்டி நிரப்பினார். பெயரை இழந்ததோடு சகோதரர் ஒருவரையும் குழு அவ்வாறு பிரிய நேர்ந்தது.

இழப்பினூடே ஒரு பேறும் வாய்த்தது. 1976-இல் வெளிவந்த புதிய தொகுதியில் மைக்கேல் தனித்து எழுதிய பாட்டு ஒன்றும், டிட்டோவுடன் எழுதியது ஒன்றும் இடம்பெற்றன. 1978-இல் வந்த ‘டெஸ்டினி’ தொகுதியின் எட்டுப் பாட்டுகளுள் ஏழு சகோதரரே எழுதியவை. அவற்றுள் மைக்கேலும் ராண்டியும் எழுதிய ‘ஷேக் யுவர் பாடி’ பெரிதும் பரவியது. எனவே மைக்கேல் பாட்டாசிரியராகப் பயின்ற பள்ளி சகோதரர் குழுவே என்பது பெறப்படும்.

தன் பெயரும் தன் பாட்டும்

1978-இல் வெளிவந்த ‘தி விஸ்’ திரைப்படத்தில் மைக்கேல் நடித்தபோது, அதன் இசைப்பொறுப்பை ஏற்றிருந்த குவின்சி ஜோன்சுடன் பழகும் வாய்ப்புப் பெற்றார். எபிக் நிறுவனத்தார் ஜோன்ஸ் ஜாஸ் இசைக்கே உரியவர் என ஐயுற்றனர். மைக்கேல் தம் தேர்விலிருந்து பின்வாங்கவில்லை. இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘ஆஃப் தி வால்’ 1979 ஆகஸ்டில் வெளியாயிற்று. அம்மாதத்திலேயே அவர்க்கு இருபத்தோர் அகவை நிரம்பியது.

மைக்கேல் இசைக்குறியீடு எழுதும் வழக்கமுடையவர் அல்லர். கருவிகள் ஒவ்வொன்றும் ஒலிக்கவேண்டிய பகுதியைத் தம் வாயாற் பாடி ஒலிநாடாவிற் பதிந்து, கருவியாளர்க்கு உணர்த்துவார். ‘டோன்ட் ஸ்டாப்’ எனத் தொடங்கும் பாட்டுக்கு 1978-இல் அவர் வீட்டிலேயே பதிந்த முன்மாதிரி 2001-இல் வெளியிடப்பட்டது. ராண்டியும் தங்கை ஜேனட்டும் உடனிருந்து தாளம் சேர்த்த பதிவு அது. தனிப்பாடகரின் தனிப்பாட்டும் உடன்பிறந்தார் கூட்டத்திலேயே பிறந்தது என்பதற்கு இது சான்று.

அவர்தம் ஆக்கத்தின் வளர்ச்சியை எண்களே காட்டும். ‘ஆஃப் தி வால்’ தொகுதியின் பத்துப் பாட்டுகளுள் மூன்று அவர் எழுதியவை. அவற்றுள் ஒன்றில் மற்றொருவர்க்கும் பங்குண்டு. 1982 நவம்பரில் வெளிவந்த ‘திரில்லர்’ தொகுதியின் ஒன்பதனுள் நான்கு அவருடையவை. 1987-இல் குறுந்தட்டாக வெளிவந்த ‘பேட்’ தொகுதியின் பதினொன்றனுள் ஒன்பது அவருடையவை. மோட்டவுன் வெளியிட்ட நான்கு தொகுதிகளில் ஒன்றுமில்லாதிருந்த நிலையோடு இவற்றை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். எனினும் முதல் இரு தொகுதிகளிலும் ராட் டெம்பர்டன் என்னும் ஆங்கிலேயர் மும்மூன்று பாட்டுகள் எழுதியுள்ளார். தனிப்புகழ் தனியொருவர் உழைப்பால் மட்டும் வருவதன்று.

ஒரே மேடையில் இருநிலை

மோட்டவுனின் இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாடும் நிகழ்ச்சி 1983 மார்ச்சு 25-இல் பதிவு செய்யப்பெற்று, மே 16-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. சகோதரருடன் பாட அழைத்தபோது, தம் புதிய பாட்டொன்றைத் தனித்துப் பாட இடமளித்தால் வருவதாக மைக்கேல் கூறினார். முதலில் ஜெர்மெய்ன் உள்ளிட்ட சகோதரருடன் பழைய பாட்டுகளைப் பாடினார். அவர்கள் மேடையினின்று அகன்றபின் ‘பில்லி ஜீன்’ பாட்டை நிகழ்த்தினார். முன்னோக்கி நடப்பார் போலத் தோன்றிப் பின்னோக்கி வழுக்கிச் செல்லும் ஆடலை அன்றுதான் மக்கள் அவரிடம் முதன்முதற் கண்டனர். அவ்வாடலின் புகழால் மற்றொரு செய்தி மறைந்துவிட்டது. மோட்டவுனின் விழாவில் மோட்டவுனுக்கு உரித்தல்லாத பாட்டு அஃதொன்றே. அதனை எழுதியவரும் பாடியவரே.

1984 பிப்ரவரியில் அவர் ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகள் பெற்றார். அவ்வாண்டு சகோதரருடன் ஐம்பத்தைந்து நிகழ்ச்சிகளில் பாடினார். தம் பங்கு ஊதியத்தை அறத்துக்கு அளித்தார். டிசம்பர் 9-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசில் நிகழ்ந்த இறுதி நிகழ்ச்சியில், குழுவுடன் தாம் மேற்கொள்ளும் பயணம் இதுவே கடைசி என மேடையிலேயே அறிவித்தார்.

உரிமையின் மறுபக்கம்

1985-இல் மைக்கேல் ஏ.டி.வி. என்னும் நிறுவனத்தின் பாட்டு வெளியீட்டுரிமைகளை 4.75 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள் பல அதனுள் அடங்கியிருந்தன. வெளியீட்டுரிமையின் பொருட்பயனை அவர்க்கு முன்னர் எடுத்துரைத்தவர் அக்குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னியே. தாம் எழுதிய பாட்டுகள் நண்பரின் உடைமையானமை மெக்கார்ட்னிக்கு வருத்தம் தந்தது. தன் குழுவின் பெயரைப் பிறரிடம் இழந்த ஒருவர், பிறர் எழுதிய பாட்டுகட்கு உரிமையாளரானார். இழந்தவர் கற்ற பாடம் இழப்பித்தவரின் பாடமே. இதனைச் சட்டம் குறை கூறாது. ஆயினும் ஆக்கியோனுக்கு ஆக்கத்தின்மேல் உள்ள உறவு யாது என்னும் வினா தீர்ந்தபாடில்லை.

மேற்கூறியவற்றாற் சில முடிபுகள் பெறப்படும். குழுவினின்று பிரிந்த நாளே தனிநிலையின் தொடக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மைக்கேல் தம் பெயரால் தட்டு வெளியிட்டது 1971-இல். தம் சொல்லை எழுதத் தொடங்கியது 1976-இல். தம் சொல்லும் தம் பெயரும் ஒரே தொகுதியில் இணைந்தது 1979-இல். குழுவை விட்டு நீங்குவதாக அறிவித்தது 1984-இல். பிரிவு இறுதியில் வந்தது. ஆக்கம் அதற்கு நெடுநாள் முன்னரே வந்துவிட்டது. அவ்வாக்கம் அரும்பிய இடமோ அவர் விட்டு நீங்கிய அக்குழுவே. ஆதலின் சிறுவர் குழுக்களினின்று எழுந்த பிற பாடகர் வரலாறுகளை ஆராயப் புகுவோர், மேலுறையில் யார் பெயர் உளது என்பதோடு அமையாது, பாட்டை யாத்தோர் யார், வகுத்தோர் யார், உடையோர் யார் என்பனவற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.