பழைய ரிவால்வருக்கு நியாயமான விலை எது?

வடநாட்டு நகரங்களில் நெடுங்காலம் தொழில் நடத்தியும் உத்தியோகம் பார்த்தும் வந்த நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், குடும்பப் பெரியவர் உரிமம் பெற்று வாங்கிய ரிவால்வர் ஒன்று அலமாரியில் இருப்பதுண்டு. அவர் காலமானதும் வீட்டார் திகைக்கிறார்கள். உரிமம் அவர் பெயருக்கு உரியது. அவருக்குப்பின் கருவியை வீட்டில் வைத்திருத்தல் குற்றமாகும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதனைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பின்னர் வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். அல்லது உரிமமுடைய ஒருவருக்கு விற்கலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் நடவாவிடில் அது அரசுக்குப் பறிமுதலாகக் கூடும். இந்த அவசரத்தை அறிந்த வணிகர் சிலர், “மாதாஜி, இது பழைய இரும்பு” என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பதுண்டு. கைம்பெண் ஒருத்தி அதற்கு என்ன மறுமொழி கூறுவாள்?

முதலில் அறிய வேண்டியது குழலின் அளவு. 0.32 அங்குல அளவுக்கே சாதாரணக் குடிமக்கள் பெரும்பாலும் உரிமம் பெறுகின்றனர். 0.38, 0.455 போன்றவை படைக்கும் காவல் துறைக்கும் உரிய, தடைசெய்யப்பட்ட அளவுகள். அவை எவ்வளவு சிறந்தவையாயினும் வாங்குவோர் அரியர்.

அடுத்தது பிறந்த இடம். பர்மிங்ஹாம் நகரின் வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியார் செய்த ரிவால்வருக்கு இங்கே தனி மவுசு. 1980களில் தனியார் இறக்குமதி நின்றுபோனதே அதற்குக் காரணம். வரத்து இல்லாத சரக்கின் விலை ஏறத்தானே செய்யும்? கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் 0.32 ரிவால்வரும் வெப்ளியின் அமைப்பைத் தழுவியதே. 2014இல் அங்கிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’ அப்போது சுமார் 1,22,000 ரூபாய். 2023இல் ‘பிரபல்’ வந்தது. ஆகவே, புதிய கான்பூர் ரிவால்வரின் இன்றைய விலையை முதலில் கேட்டறிக. பழைய கான்பூர்க் கருவி அதற்குக் கீழேதான் போகும். பழைய வெப்ளி அதற்கு மேலும் போகலாம். அந்த மிகுதி வேலைக்கன்று, பெயருக்கும் அருமைக்குமே. எம் கருத்தில் அது வீண் செலவுதான். ஆயினும் கொடுப்பவர் இருக்கும்போது விற்பவர் ஏன் இழக்க வேண்டும்?

இனி, தேய்மானம். வணிகரையே கருவியைத் திறந்து, உருளையில் தோட்டா இல்லையெனக் காட்டச் சொல்லுக. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கினால், மரைப் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிதல் வேண்டும். துரு அரித்த குழிகள் இருப்பின் விலை வெகுவாகக் குறையும். குழலின் குழி எண்ணெய்க்குப் போகாது. அடுத்து, குதிரையை மெல்ல இழுத்து நிறுத்தச் செய்து, உருளை அசைகிறதா என்று பார்க்க. மயிரிழை அசைவு எதிலும் உண்டு. கடகடவென ஆடினால் துளை குழலுக்கு நேராக நில்லாது. பாயிண்ட் சரியாக விழாத தண்டவாளத்தில் வண்டியை விடுவது போலாகும். ஆறு துளைகளுக்கும் இதைத் தனித்தனியே பார்த்தல் வேண்டும். நடுவே மடிந்து திறக்கும் வகையாயின், கீலும் மேல் தாழும் தளர்ந்துள்ளனவா என்பதே தலையாய சோதனை. இத்தளர்ச்சியைச் சரிசெய்யக் கைதேர்ந்த கம்மியர் வேண்டும்.

புதிதாய் மெருகிட்டுப் பளபளப்பதைக் கண்டு மயங்க வேண்டா. மங்கிய பழைய நீலப் பூச்சையே விஷயமறிந்தவர் விரும்புவர். மெருகு ஏற்றுகையில் முத்திரைகளும் எண்களும் தேய்ந்துவிடும். கருவியின் எண்ணும் உரிமத்தில் கண்ட எண்ணும் ஒத்திராவிடில் விலைப் பேச்சுக்கே இடமில்லை.

வாங்குவோர் வட்டமும் சுருங்கியதே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு மூன்று வரை அனுமதி. எனவே முதல் வணிகர் சொல்லும் தொகையோடு நில்லாது, வேறு இருவரிடமும் எழுத்து மூலம் மதிப்புக் கேட்டல் நன்று. உரிமமுடைய தனியார் ஒருவர் தமக்குரிய துப்பாக்கியை மற்றொரு தனியாருக்கு விற்பதாயின், மாவட்ட மாஜிஸ்டிரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்றலாம். வாரிசுகள் தங்கள் நிலைக்கு உரிய முறையை அந்த அலுவலகத்திலேயே கேட்டறிதல் நலம். வணிகரிடம் வைப்பில் விட்டால் மாதக் காப்புக் கட்டணம் கேட்பதும் உண்டு. அத்தொகையை முன்னரே பேசி, கருவியின் எண், தயாரிப்பாளர் பெயர், அப்போதைய நிலை, உடன் ஒப்படைத்த தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்க.