திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது! வீட்டு வால்வுகளால் வீணாகும் மலைத் தண்ணீர்

ராஜபாளையம்,

நள்ளிரவு நேரம். குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வீட்டுக்காரர் மொட்டைமாடிக்கு ஓடுகிறார். தொட்டிக்கு அடியில் வால்வு இருக்கிறது. ஆனால் சுத்த மாட்டேன் என்கிறது! பிளம்பர் வருவதற்குள் தொட்டி காலி. வீடு குளம்.

இந்தக் கூத்து ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எந்த வீட்டிலும் நடக்கலாம். காரணம், வால்வைப் பொருத்திய நாளோடு மறந்துவிடுவதுதான்.

மலை தரும் தண்ணீர்

ராஜபாளையத்துக்கு அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு மலையடிவாரம் கைகொடுக்கிறது. மழை பொய்த்தால் இரண்டு ஊருக்கும் திண்டாட்டம்தான். வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உண்டு. அப்படிப் பிடித்த தண்ணீர் வால்வில் ஒழுகினால்?

வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாள் ஒன்றுக்கு 86,400 சொட்டு. குறைந்தது 4 லிட்டர் போச்சு!

ஏன் இறுகுகிறது?

சக்கரம் வைத்த கேட் வால்வுக்குள் ஒரு பித்தளைத் தகடு மேலும் கீழும் போகிறது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் போர் தண்ணீரின் உப்பு படிந்து மரை இறுகிவிடும். அரைகுறையாகத் திறந்து வைத்தாலும் ஆபத்து. தகட்டின் விளிம்பைத் தண்ணீரே அரித்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. திறந்தால் முழுசா திறக்க வேண்டும், மூடினால் முழுசா மூட வேண்டும்.

மருந்து ஒன்றுதான். 3 மாதத்துக்கு ஒரு தடவை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

முரட்டுத்தனம் கூடாது

இறுகிப்போன வால்வில் பெரிய ஸ்பானரைப் போட்டு மல்லுக்கட்டினால் தண்டு முறியும். இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும். வெளியே தெரியும் தண்டில் துளி எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து முன்னும் பின்னுமாக மெள்ள அசைத்துப் பார்க்க வேண்டும்.

தண்டு ஓரமாகக் கசிந்தால் புது வால்வுக்கு ஓட வேண்டாம். தண்டைச் சுற்றியிருக்கும் நட்டைக் கால் சுற்று முடுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

எப்போது மாற்றலாம்?

முழுவதும் மூடியும் ஒழுகினால் மாற்ற வேண்டியதுதான். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வை நகராட்சித் தண்ணீர் வராத நாளில் மாற்றலாம். தொட்டி வால்வைத் தொட்டி கழுவும் அன்றே மாற்றினால் ஒரு வாளி கூட வீணாகாது. பக்கத்தில் ஒரு யூனியன் போட்டுக்கொண்டால் அடுத்த தடவை குழாயை அறுக்க வேண்டியதில்லை. பித்தளை கேட் வால்வு வாங்கும்போது ஐ.எஸ். 778 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கால் சுற்றில் மூடும் பால் வால்வும் உண்டு. அவசரத்துக்கு நல்லது. அதையும் சும்மா விட்டால் இறுகத்தான் செய்யும்.

சாக்கடை திரும்பும்!

தெருக் குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது திறந்த குழாயில் மாட்டிய ஓஸ் அழுக்குத் தொட்டியில் மூழ்கிக் கிடந்தால், அந்த அழுக்கு குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகலாம். சாக்கடை ஓரத்து ஓட்டைக் குழாயிலும் இதே கதைதான். மஞ்சள் காமாலைக்கும் வயிற்றுப்போக்கும் வாசல் இதுவே! தண்ணீர் நின்றதும் வால்வை மூடுங்கள். ஒருவழி வால்வு போட்டால் இன்னும் பாதுகாப்பு.

வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே காட்டி வையுங்கள். குழாய் உடைகிற நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது அவர்கள்தான்!