பணம் சொல்லித்தரும் பரமபதம்: ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஒரு கேம்

காமர்ஸ் குரூப் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ, "நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்யணும், ஐடியா கொடு"ன்னு கேட்டா, யூடியூபில் தேடச் சொல்லி அனுப்பிடாதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட உட்காருங்க. அவங்களுக்கு மார்க், உங்களுக்கு உங்க சம்பளக் கணக்கில் தெளிவு.

போர்டு ஏற்கனவே இருக்கு

காஞ்சிபுரம் பக்கத்துல திருப்புட்குழி. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அந்த வரிசையில் கடைசி, பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நம்ம வீடுகளில் ஆடுற ஆட்டத்தின் கடைசிக் கட்டமும் அதுதான். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. பாடத்தை ஆட்டமாக்குறது நமக்குப் புதுசில்லை.

ஆனா அதுல எல்லாம் தாயக்கட்டை கையில். நாம முடிவெடுக்க எதுவும் இல்லை. பண கேமும் அப்படியே இருந்தா, "எல்லாம் தலையெழுத்து"ங்கிறதுதான் பாடமாகும்.

விதிதான் பாடம்

அமெரிக்காவில் எலிசபெத் மேகி 1904-ல் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தைக் குவிச்சு வாடகை வாங்குறதோட விளைவைக் காட்டுறதுதான் நோக்கம். ஸ்காட் நியரிங் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆட்டத்துக்கு ரெண்டு விதித்தொகுப்பு: ஒண்ணுல எல்லாரும் வளரலாம், இன்னொண்ணுல ஒருத்தர் மத்தவங்களை ஓட்டாண்டி ஆக்கணும். இந்த ரெண்டாவதுதான் பின்னாடி 'மோனோபாலி' ஆச்சு. போர்டு கிட்டத்தட்ட அதேதான். விதி மாறினதும் பாடமே தலைகீழ்!

நம்ம கேமின் விதிகள்

1. ஒரு சுற்று = ஒரு மாசம். மொத்தம் 24 சுற்று. மாசச் செலவு எல்லாருக்கும் 20,000.

2. ஒருத்தர் கம்பெனி ஊழியர்: ஒவ்வொரு சுற்று தொடக்கத்திலும் 25,000. இன்னொருத்தர் பட்டு நெசவாளர்: 3, 6, 9-ன்னு ஒவ்வொரு மூணாவது சுற்று தொடக்கத்தில் 75,000. மத்த ரெண்டு பேருக்கு நீங்களே தொழில் முடிவு பண்ணுங்க.

3. கையில் காசு இல்லைன்னா கிரெடிட் கார்டு. மாசம் 3.5% வட்டி.

4. ஆஸ்பத்திரி, வேலை போறது எல்லாம் தாயக்கட்டை முடிவு. இன்சூரன்ஸ் எடுக்கிறதும் அவசர நிதி சேர்க்கிறதும் ஆடுறவர் முடிவு.

5. ஜெயிக்கிறது கையில் காசு அதிகம் உள்ளவர் இல்லை. சொத்திலிருந்து கடனைக் கழிச்சா யாருக்கு மிச்சம் அதிகமோ, அவர்.

ரெண்டாவது விதியைக் கவனிங்க. ரெண்டு பேருக்கும் சராசரி மாச வருமானம் ஒண்ணுதான். ஆனா நெசவாளர் முதல் ரெண்டு சுற்றுச் செலவுக்குத் தலா 20,000 கார்டில் எடுத்தா, மூணாவது சுற்றில் பணம் வரும்போது வட்டி மட்டும் 2,124 ரூபாய். ஊழியருக்கு ஒரு பைசா வட்டி இல்லை. தப்பு செலவு எங்கயும் இல்லை. பணம் வர்ற தேதிதான் வித்தியாசம். அவசர நிதி எதுக்குன்னு இதைவிடத் தெளிவா ஒரு ஸ்லைடு போட முடியாது.

இப்ப உங்க ஆட்டம்

உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டும் ஒரு விதிப்புத்தகம்தான்; எழுதினது பேங்க். 'மினிமம் டியூ' கட்டினா தாமதக் கட்டணம் வராது, ஆனா பாக்கிக்கு வட்டி ஓடும். ஆடுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிங்க. கேமை ஆடினா, யார் ஜெயிச்சாங்கன்னு வீடியோ கமெண்ட்ல சொல்லுங்க!