சுண்ணாம்புக்குள் உறங்கும் சூடு

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில், மண்தாழியில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு நீரை ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் தாழி ஆவி கக்கிக் குமுறும். “கிட்டே வராதே, கண் போய்விடும்!” என்று பாட்டி அதட்டுவாள். அடுப்பு இல்லை, ஊற்றியதோ பச்சைத் தண்ணீர். பின் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

விடை தாழியில் இல்லை, சூளையில் இருக்கிறது. கல்லானாலும் கிளிஞ்சலானாலும் சூளைக்குப் போவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடில் அது பிரிகிறது. 100 கிராமிலிருந்து 44 கிராம் கரியமிலவாயு வெளியேற, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இந்தப் பிரிவினை 178 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. நமக்கு அருகே வாளையாற்றில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய சிமெண்டு ஆலையின் உலைக்கும் முதல் வேலை இதுவே.

சூளை ஆறியபின் கட்டியைத் தொட்டால் குளிர்ந்துதான் இருக்கும். ஆயினும் உட்கொண்ட வெப்பம் அழியவில்லை. சுண்ணாம்பும் வாயுவும் பிரிந்து நிற்கும் அந்த நிலையிலேயே இரசாயன ஆற்றலாக அடங்கிக் கிடக்கிறது. 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீருடன் கூடும்போது 65 கிலோஜூல் வெளிவருகிறது. 200 கிராம் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அது போதும்!

மீதி 113 எங்கே? சுவரிலே! பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, நீரை விட்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. அப்போது 113 கிலோஜூல் வெளிப்படுகிறது. சுவர் சுடவில்லையே என்பீர்கள். தாழியில் நிமிடங்களில் நடப்பது போலன்றி, இது நாட்கணக்கில், கனத்த பூச்சில் மாதக்கணக்கில் நடப்பது. வந்த சூடு வந்தபடியே காற்றில் கலந்துவிடும்.

65-ம் 113-ம் சேர்ந்தால் 178. சூளையில் வாங்கிய கடன் இரு தவணைகளில் அடைந்தது. சூளையில் இதைவிட அதிக விறகு எரிகிறதே என்றால், அந்த மிகுதி புகையோடும் சூளைச் சுவரோடும் போனது, அதுவும் அழியவில்லை.

தொடக்கமும் முடிவும் ஒன்றாயின், எத்தனை படிகளில் சென்றாலும் மொத்த வெப்பம் மாறாது என்று 1840-இல் ஹெஸ் நிறுவினார். ஆற்றல் அழியாது என்ற பொதுக்கருத்தை மாயர் வெளியிட்டது 1842-இல்தான். இரசாயனியின் கணக்கு ஈராண்டு முந்திவிட்டது!

பாட்டியின் அதட்டல் சரி. தாழியில் செய்த முறைதான் தவறு. கட்டிமேல் நீரைச் சிறிதாக ஊற்றினால் அவ்வளவு சூடும் அந்தச் சிறு நீரிலேயே இறங்கி, கொதித்துத் தெறிக்கும். நிறைய நீரை முதலில் வைத்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்.