மரபணு அறிக்கையில் விடை தெரியாத கேள்வி

புதுதில்லி: பிறவி வளர்சிதை மாற்ற நோய் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் குழந்தைகளின் மரபணுப் பரிசோதனையில், "பொருள் உறுதியாகாத மாற்றம்' என்ற முடிவு வருவதுண்டு. அது நோய்க்குக் காரணம் என்றோ, தீங்கற்றது என்றோ அப்போதைக்குக் கூற இயலாது.

கௌச்சர் போன்ற அரிய நோய்களுக்கான மத்திய அரசின் நிதியுதவி வரம்பு 2022-இல் ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால், நோய் உறுதியானால்தான் உரிய சிகிச்சைக்கு வழி பிறக்கும். ரத்தத்தில் நொதியின் செயல்பாட்டை அளப்பதும், பெற்றோரின் மரபணுக்களுடன் ஒப்பிடுவதும் இதற்கு உதவுகின்றன.

உலகத் தரவுகளில் இந்தியர்களின் பங்கு குறைவு. இதனால், இங்கு இயல்பான மாற்றமும் அரிதாகத் தோன்றக்கூடும். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்கு அளிக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு பழைய அறிக்கைகளையும் மறுஆய்வு செய்தால், காத்திருக்கும் பெற்றோர் சிலருக்கேனும் விடை கிடைக்கும்.