ஒட்டகப் பழுப்பில் கறுப்பு ஒட்டுமா?

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் 1999 மாடல் ஜீப் செரோக்கி ஒன்றைச் சல்லிசாக வாங்கியிருக்கிறார். இன்ஜினில் குறையில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால்தான் மனசு ஒப்பவில்லையாம். டேஷ்போர்டு, கதவுப் பலகை, ஜன்னல் தூண் உறை என்று திரும்பின பக்கமெல்லாம் ‘கேமல்’ என்று கம்பெனி பெயர் வைத்த பழுப்பு. அதுவும் கால் நூற்றாண்டு வெயிலில் இடத்துக்கு ஒரு விதமாக வெளுத்துக் கிடக்கிறது. கடையில் கிடைக்கும் ‘வினைல் டை’ ஸ்பிரேயை அடித்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடலாமா, அது பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார்.

அடிக்கலாம். ஊறும் கதையை மட்டும் நம்ப வேண்டாம். பாலியஸ்டர் நூலுக்குள் சாயம் இறங்கவே சாயப்பட்டறையில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. கார் ஷெட்டில் நின்று விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் அது நடந்துவிடாது. டப்பாவுக்குள் இருப்பது நிறமித் தூள், வளைந்து கொடுக்கும் ரெசின், அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள். மெல்லிய பெயின்ட், அவ்வளவே. ஆனால் அந்தப் பெயின்ட் ஒரு பாகத்தில் வருஷக்கணக்கில் நிற்கிறது. பக்கத்துப் பாகத்தில் நகம் பட்டாலே வெயிலில் கருகிய தோல் மாதிரி உரிகிறது. ஒரே டப்பா, அடித்த கையும் ஒன்றுதான். ஏன் இந்தப் பாரபட்சம்?

காரின் உட்புறம் ஒரே பிளாஸ்டிக் இல்லை என்பதுதான் விஷயம். ஏதாவது ஒரு உறையைக் கழற்றித் திருப்பினால், பின்பக்கத்தில் எதிரெதிர் அம்புக்குறிகளுக்கு நடுவே அந்தப் பிளாஸ்டிக்கின் சுருக்கப் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும்: ஏபிஎஸ், பிவிசி, பிபி என்று. எழுத்து தேய்ந்திருந்தால், உடைந்த துண்டைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. மிதந்தால் பெரும்பாலும் சரிதான். மூழ்கினால் ஒன்றும் நிரூபணமாகாது. கார் பாகங்களுக்கான பாலிபுரொப்பிலீனில் டால்க் மாவு கலப்பது வழக்கம், 20 சதவீதம் கலந்தாலே அது முங்கிவிடும்.

பிளாஸ்டிக் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் சிக்கல். இடியாப்பம் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுப் பிழிந்து காய்ந்துபோன இடியாப்பத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும். தட்டைச் சாய்த்தால் வழுக்கி விழும். நடுவே சூடான தேங்காய்ப்பாலை ஊற்றினால் கீழ் இழைகள் உப்பி நெகிழும், மேல் இழைகள் அந்தச் சந்துகளில் இறங்கும். ஊறியபின் எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பிரிக்க முடியாது. ஏபிஎஸ்ஸிலும் பிவிசியிலும் கரைப்பான் செய்வது இந்த வேலையைத்தான். மேற்பரப்பின் சங்கிலிகளைத் தளர்த்தி, ரெசினின் சங்கிலிகளை உள்ளே விட்டு, பிறகு ஆவியாகிவிடுகிறது. பால் மிஞ்சினால் கூழ்: சொட்டச் சொட்ட அடித்தால் ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பு கரைந்து, தோல் மாதிரி அச்சிட்ட வரிகள் மழுங்கும், மயிரிழை விரிசல்களும் விடலாம். ஆகவே லேசாகப் பலமுறை அடிக்க வேண்டும்.

பாலிபுரொப்பிலீனோ நல்லெண்ணெயில் புரட்டிக் கற்றை கற்றையாக இறுக்கிக் கட்டிய இடியாப்பம். கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் இல்லாத சங்கிலி. அதில் கணிசமான பகுதி படிகமாக அடுக்கப்பட்டிருக்கிறது. அறை வெப்பத்தில் கரைப்பானுக்கு உள்ளே நுழைய வழி குறைவு. அதன் மேற்பரப்பு ஆற்றலும் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்தான் (ஏபிஎஸ்ஸுக்கும் பிவிசிக்கும் 40ஐ ஒட்டி இருக்கும்), அதனால் பெயின்ட் சரியாகப் பரவுவதுகூட இல்லை. இதற்காகவே ‘அட்ஹீஷன் புரமோட்டர்’ என்று தனி டப்பா விற்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலிபுரொப்பிலீன். சங்கிலியின் உடல் கீழே உள்ள சொந்தக்காரனோடு சேர்ந்துகொள்ளும். அதில் தொங்கும் குளோரின் மேலே வரும் பெயின்ட்டோடு ஒத்துப்போகும். எண்ணெயோடும் பாலோடும் ஒரே நேரத்தில் உறவாடும் இடியாப்பம் எந்தச் சமையலறையிலும் கிடையாது என்பதால் உவமையை இங்கே இறக்கி வைத்துவிடலாம்.

  

பழைய வண்டியில் இன்னொரு வில்லன் உண்டு: முந்தைய உரிமையாளர்கள் பளபளப்புக்காகத் துடைத்துத் துடைத்து ஏற்றிய சிலிக்கோன் எண்ணெய். அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 20 மில்லிநியூட்டன், பெயின்ட்டைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இருந்தாலும் பெயின்ட் அதைச் சுற்றி விலகி, வட்டமான குழி விழும். பெயின்டர்கள் இதை ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு சிலிக்கோன் நீக்கும் திரவம் என்று கழுவுவதில்தான் ஒரு முழுநாள் போகும். அடிக்கும் வேலை அரைமணி. விளம்பர வீடியோக்களில் அந்த அரைமணி மட்டும் வரும். ‘பிளாஸ்டிக்குக்குப் புத்துயிர்’ என்பதும் சும்மா. பிவிசியை மிருதுவாக வைத்திருந்த பிளாஸ்டிசைசர் வருஷக்கணக்காக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படிந்து போயேவிட்டது. நிறம் பூசினால் அது திரும்பாது.

கறுப்பு வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். அரிசோனாவின் டெம்பி நகரில் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53. டெக்சாஸ் வெயிலும் லேசுப்பட்டதல்ல, கறுப்போ பழுப்பைவிட அதிகமாகச் சூடேறும். டேஷ்போர்டின் மேல்தளத்துக்கு மட்டும் கறுப்பு நியாயம்: முன் கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து கண்ணைக் கூசவைக்காது. மற்ற இடங்களுக்குக் காயலான் கடையில் கறுப்பு உட்புறத்தோடு வந்த செரோக்கி கிடைக்கிறதா என்று முதலில் தேடுவது புத்திசாலித்தனம். அந்தப் பாகங்களில் நிறமி வார்ப்பிலேயே கலந்திருக்கிறது, சாவி கீறினாலும் கீழே பழுப்பு எட்டிப் பார்க்காது.

கிடைக்காவிட்டால், கண்ணில் படாத ஒரு உறையில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோடேப்பை ஒட்டிச் சட்டென்று பிய்க்க வேண்டும். டேப்பில் கறுப்பு வந்தால் முழு வண்டிக்கும் அதுதான் கதி. 1999 மாடலில் முன்னால் இரண்டு ஏர்பேக் உண்டு. அவற்றின் மூடிகள் குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டியவை, அவற்றில் எதையும் பூசக் கூடாது. சீட் பெல்ட் நாடாவிலும் கரைப்பான் படக் கூடாது. அவை பழுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.