தேர்வுக்கு வராதவருக்குத் தேர்ச்சி

ஒரு பள்ளியின் மதிப்பெண்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பெயர், பிரிவு, மதிப்பெண் என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘தேர்ச்சி’ அல்லது ‘தோல்வி’ என்று அச்சாக வேண்டும். இந்தச் சொற்கள் அட்டவணையில் எங்கும் இல்லை. எண்ணைப் பார்த்து அந்த நேரத்தில் உண்டாக்க வேண்டியவை. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் இந்த வேலையைச் செய்வது ‘கேஸ்’.

1992-ஆம் ஆண்டுத் தரநிலையில் இது மொழிக்குள் வந்தது. அதற்கு முன்பு ஆரக்கிள் தரவுத்தளக்காரர்கள் ‘டீகோட்’ என்பதை வைத்துச் சமாளித்தார்கள். அது ‘சமமா’ என்று மட்டும்தான் கேட்கும். தேர்ச்சிக்குத் தேவையான 35-க்குக் குறைவா என்று கேட்கச் சுற்றி வளைக்க வேண்டும். கேஸில் நேராகவே கேட்கலாம். ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் அந்த வரியின் வடிவம் இது:

கேஸ் வென் மதிப்பெண் < 35 தென் 'தோல்வி' எல்ஸ் 'தேர்ச்சி' எண்ட்

வென்னில் நிபந்தனை, தென்னில் அது பொருந்தினால் வரும் விடை, எல்ஸில் பொருந்தாவிட்டால் வரும் விடை. படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வுக்கே வராத மாணவி இதில் தேர்ச்சி பெற்றுவிடுவார்!

அவருடைய மதிப்பெண் கட்டத்தில் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை எஸ்க்யூஎல் ‘நல்’ என்கிறது. அது பூஜ்யம் கிடையாது. வெற்றிடம் 35-ஐ விடக் குறைவா என்று கேட்டால், ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை வராது. ‘தெரியாது’ என்று வரும். உறுதியான ‘ஆம்’ கிடைத்தால்தான் வென் கதவைத் திறக்கும். கிடைக்காததால் மாணவி எல்ஸுக்குப் போய்த் தேர்ச்சியாகிவிடுகிறார். நிபந்தனையைத் திருப்பி, ‘35-க்குக் குறையாவிட்டால் தேர்ச்சி, மற்றபடி தோல்வி’ என்று எழுதினால் எழுதாத தேர்வில் தோற்றுப்போவார். இரண்டும் அநியாயம். முதல் வென்னிலேயே ‘மதிப்பெண் இஸ் நல்’ என்று கேட்டு ‘வரவில்லை’ என்று பதிய வேண்டும். வினவல் எழுதுபவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான் என்பேன்.

வரிசையும் முக்கியம். வென்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்துவதே விடை. ‘35-க்கு மேல் தேர்ச்சி’ என்பதை முதலில் வைத்து ‘90-க்கு மேல் சிறப்பு’ என்பதை அடுத்து எழுதினால், சிறப்பு யாருக்கும் கிடைக்காது. எல்ஸை விட்டுவிட்டால் எதிலும் பொருந்தாத இடத்தில் வெற்றிடமே விடையாக வரும். எச்சரிக்கை எதுவும் வராது.

பல நிரல்மொழிகளின் ‘இஃப்’ எந்த வேலையை அடுத்துச் செய்வது என்று வழிகாட்டும். கேஸ் ஒரு மதிப்பைத் தருவதோடு சரி. அதனால் மதிப்பு நிற்கக்கூடிய இடமெல்லாம் அதற்கும் இடம் உண்டு. வரிசைப்படுத்தும் பகுதியில் வைத்தால் வராதவர்களின் பெயர்களைப் பட்டியலின் தலையில் கொண்டுவரலாம். கூட்டலுக்குள் வைத்தால் இன்னும் அழகு. தேர்ச்சி என்றால் 1, மற்றபடி 0 என்று கேஸ் தர, ‘சம்’ அதைக் கூட்ட, பிரிவுவாரியாகத் தேர்ச்சி, தோல்வி, வராதவர் எல்லாம் ஒரே வினவலில் பக்கம் பக்கமாக வந்துவிடும். இங்கே ‘சம்’முக்குப் பதில் ‘கவுண்ட்’ போட்டால் எண்ணிக்கை தப்பும். வெற்றிடம் அல்லாத எதையும் அது எண்ணும். 0-வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

வகுத்தலில் ஒரு கண்ணி இருக்கிறது. பாடத்தின் மொத்த மதிப்பெண்ணுக்கும் அட்டவணையில் ஒரு பத்தி இருப்பதாகக் கொள்வோம். மதிப்பெண்ணை அந்த மொத்தத்தால் வகுத்துச் சராசரி விழுக்காடு எடுக்கிறோம். ஏதோ ஒரு வரியில் மொத்தம் 0 என்று பதிவாகியிருக்கிறது. ‘மிகக் குறைந்த மொத்தம் 0-ஐ விடப் பெரிதானால் மட்டும் சராசரி’ என்று வெளியே கேஸ் போட்டுக் காப்பாற்ற நினைப்போம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் அது உதவாது. சராசரி, கூட்டல் போன்ற தொகுப்புக் கணக்குகள் முடிந்த பிறகே வெளியில் உள்ள கேஸின் முறை வரும். அதற்குள் பூஜ்யத்தால் வகுத்த பிழையில் வினவல் நின்றிருக்கும். காவலைச் சராசரிக்குள்ளேயே வைக்க வேண்டும். அதற்கு ‘நல்இஃப்’ போதும். கேஸின் சுருக்க வடிவமான அது, மொத்தம் 0 என்றால் அதை வெற்றிடமாக்கித் தரும். வெற்றிடத்தால் வகுத்தால் வெற்றிடமே வரும். சராசரி அந்த வரியை விட்டுவிட்டு மற்றவற்றைக் கணக்கிடும்.